கார்டில் எத்தனை படம்?

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளைச் சேர்த்து 2014-ல் அறிவிக்கப்பட்டது காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். அங்கே சிறுத்தைகளைப் படம்பிடிக்க மரத்தில் தானியங்கி கேமரா கட்டுகிறார்கள். உள்ளே தபால்தலை அளவில் ஒரு மெமரி கார்டு.

அதில் எத்தனை படம் பிடிக்கும்? 32 ஜிபி என்றால் ஏறக்குறைய 32,000 எம்பி. ஒரு ஜேபெக் படம் 4 எம்பி என்றால் சுமார் 8,000 படம். அதே கார்டில் கல்யாண போட்டோகிராபர் 25 எம்பி வீதம் ‘ரா’ படமாக எடுத்தால் 1,280 தான். ஃபிலிம் ரோலில் 36 என்று எண்ணி எடுத்த காலத்தை நினைத்தால் இதுவே பெருஞ்செல்வம்!

காட்டிலோ அந்த 8,000-மும் சீக்கிரம் கரையும். வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலும் கேமரா விழித்துக்கொள்ளும். வெறும் புல்லாலேயே கார்டு நிறைந்துவிட்டால், பிறகு வரும் சிறுத்தைக்கு இடமில்லை. அதனால் எதிரே உள்ள புல்லை வெட்டிவிட்டுத்தான் கேமராவைக் கட்ட வேண்டும்.