மூன்று பொத்தான்களும் ஒரு சிறு திரையும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியின் நூறு வருடங்களைப் பற்றிப் பேச எங்களைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். நாங்கள் பேச வந்தது ஒரு சிறிய பெட்டியைப் பற்றி. பழைய மாணவிகள் நாலு பேர், தரம் ஒன்பது, பத்துப் பிள்ளைகளோடு சனிக்கிழமை காலைகளில் விஞ்ஞான அறையில் கூடிச் செய்த பெட்டி அது. மூன்று பொத்தான்கள், ஒரு சிறு திரை, ஒரு பசர், ஒரு ஜீ.பி.எஸ். துண்டு, இவற்றையெல்லாம் ஆட்டிவைக்கும் ஒரு நுண்கட்டுப்படுத்தி. இவ்வளவுதான்.

அந்த நுண்கட்டுப்படுத்திப் பலகையின் பெயர் ஆர்டுயினோ. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005ஆம் ஆண்டு மாணவர்களுக்காக உருவாக்கப்பட்டது. நாங்கள் பயன்படுத்திய ஊனோ என்ற வகையில் நிரலை வைத்திருக்க 32 கிலோபைட், வேலை செய்யும்போது நினைவில் வைக்க 2 கிலோபைட் மட்டுமே உண்டு. உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. ஆனாலும் பெட்டிக்கு அது போதும். 2016இல் பிரித்தானியாவில் பி.பி.சி. நிறுவனம் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் மைக்ரோபிட் பலகைகளை இலவசமாகக் கொடுத்தது. அதில் இரண்டு பொத்தான்களும் 25 சிறு விளக்குகளும் இருந்தன. ஒரு பிள்ளை கணினியிடம் வேலை வாங்கப் பழகுவதற்கு அதற்கு மேல் தேவையில்லை.

என்ன செய்வது என்று பிள்ளைகளிடமே கேட்டோம். பிறந்தநாள் பாட்டு வாசிக்கும் பெட்டி, வகுப்பறை மணி என்று பல யோசனைகள் வந்தன. பேசாலையிலிருந்து வரும் ஒரு பிள்ளை மட்டும், "அக்கா, போடர் கிட்ட வந்தா சத்தம் போடுற மாதிரிச் செய்ய ஏலாதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு வேறு யோசனை எழவில்லை. அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப்பேரின் அப்பா, அண்ணன், மாமா தொழிலுக்குப் போகிறவர்கள்.

வெளிநாட்டில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். இடையில் இரண்டு நாடுகளின் கடல் எல்லை ஓடுகிறது. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை பாக்கு நீரிணையில் 6 புள்ளிகளைக் குறித்து அவற்றை இணைத்தது. அதன் கடைசிப் புள்ளி மணல் திட்டுகளின் பக்கம், வடக்கு 9 பாகை 6 கலை, கிழக்கு 79 பாகை 32 கலை. அங்கிருந்து மன்னார் வளைகுடாவுக்குள் கோட்டைத் தொடர்ந்தது 1976ஆம் ஆண்டு உடன்படிக்கை. தண்ணீரில் கோடு தெரியாது. தாண்டினால் கைது, படகு பறிமுதல், வழக்கு. இது இக்கரைக்கும் அக்கரைக்கும் பொது. பல நாள் கடலில் நிற்கும் பெரிய கலங்களுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி உண்டு. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் மீனுக்குத் தடை விதித்த பிறகு அது மும்முரமாகப் பொருத்தப்பட்டது. இரவு போய் விடிய வரும் சிறு படகுக்கு அப்படியொன்று இல்லை. அதில் இருப்பது அனுபவம், கைத்தொலைபேசி, வசதி உள்ளவரிடம் கையடக்க ஜீ.பி.எஸ். ஒன்று.

இனிப் பெட்டிக்கு வருவோம். முதலில் பொத்தான். அழுத்தினால் ஒன்று, விட்டால் பூச்சியம் என்றுதான் யாரும் நினைப்போம். நாங்கள் இணைத்த முறையில் அது தலைகீழ். விட்டபோது ஒன்று, அழுத்தும்போது பூச்சியம். பொத்தானின் கம்பி எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றால் பலகை தன் பாட்டில் எதையோ வாசிக்கும். ஆகவே உள்ளே இருக்கும் ஒரு தடை அதை எப்போதும் மேலே இழுத்துப் பிடித்திருக்கிறது. அடுத்தது, பொத்தானின் உலோகத் தகடு ஒருமுறை தொட்டு அமைதியாவதில்லை. சில மில்லிசெக்கன் துள்ளும். எங்கள் விரலுக்குத் தெரியாது, பலகைக்குத் தெரியும். ஒருமுறை அழுத்தியதை நாலு முறை என்று எண்ணிவிடும். ஆகவே முதல் தொடுகைக்குப் பிறகு 50 மில்லிசெக்கன் பொறுத்து, இன்னும் அழுத்தியபடிதான் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம்.

முதல் பொத்தான் வலை விட்ட இடத்தைக் குறித்துக்கொள்ள. பலகையில் மின்சாரம் போனாலும் அழியாத 1 கிலோபைட் நினைவு உண்டு. ஓர் இடத்துக்கு 8 பைட் போதும். ஏன் இந்தப் பொத்தான் என்று கடற்கரைக் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இழுவைமடி நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆயினும் இரவில் இழுவைப் படகு ஒன்று குறுக்கே போனால் விடியும்போது வலை இருக்காது. எந்த இடத்தில் விட்டது என்று முறைப்பாட்டில் எழுத ஓர் இலக்கமாவது கையில் இருக்க வேண்டும். இரண்டாவது பொத்தான் கரைக்கு, வலைக்கு, எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று மாறிமாறிக் காட்ட.

திரை, ஒரு வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி கொண்டது. அதன் சில்லுக்குள் ஆங்கில எழுத்து உண்டு, ஜப்பானிய எழுத்துகூட உண்டு, தமிழ் இல்லை. ஆனால் நாங்களாக வரைந்து கொடுக்க 8 இடங்கள் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் அகலம் 5 புள்ளி, உயரம் 8 புள்ளி. பிள்ளைகள் கட்டக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு சனிக்கிழமை வரைந்தார்கள். கணக்குப் பார்த்தபோது கரை, வலை, எல்லை என்ற மூன்று சொற்களுக்கும் க, ர, வ, ல, ல், எ, சங்கிலிக் கொம்பு என ஏழே வடிவம் போதும் என்று கண்டுபிடித்தது பிள்ளைகள்தான். எட்டாவது இடத்தில் திரும்பு என்பதற்கு ஓர் அம்புக்குறி போட்டார்கள். அந்தத் திரையில் "எல்லை" என்று முதன்முதல் தெரிந்தபோது அறையில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப்பார்த்தார்.

பசருக்கும் ஒரு நியாயம் உண்டு. வெளியிணைப்பு இயந்திரம் கனத்த குரலில் இரைவது. மனிதக் காது கூர்மையாகக் கேட்பது செக்கனுக்கு 2,000 முதல் 4,000 அதிர்வு வரையான கீச்சுக் குரலை. ஆகவே 3,000 என்று வைத்தோம். நிரலில் "காத்திரு" என்ற கட்டளையும் உண்டு. அரைச் செக்கன் கத்து, அரைச் செக்கன் காத்திரு என்று எழுதுவது லேசு. ஆனால் காத்திருக்கும் நேரத்தில் பலகை வேறெதையும் கவனியாது. பொத்தானை அழுத்தினாலும் அதற்குத் தெரியாது. உலையை வைத்துவிட்டு அது கொதிக்கும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் வீட்டு வேலை நடக்குமா? மணிக்கூட்டை அடிக்கடி பார்த்தபடி மற்ற வேலையையும் செய்வதுதான் முறை. அதையே நிரலிலும் எழுதினோம்.

விளையாட்டு மைதானத்தின் நடுவே ஒரு கோட்டை எல்லை என்று வைத்துப் பிள்ளைகள் பெட்டியோடு நடந்து பார்த்தார்கள். ஜீ.பி.எஸ். சொல்லும் இடம் சில மீற்றர் அங்குமிங்கும் ஆடும். எச்சரிக்கைத் தூரத்தில் அசையாமல் நின்றால் பசர் கத்தும், அடங்கும், மறுபடி கத்தும். ஆகவே கத்தத் தொடங்க ஒரு தூரம், அடங்க அதைவிடக் கூடிய தூரம் என்று இரண்டாகப் பிரித்தோம். கடலுக்கான கணக்கில் அது 1,000 மீற்றரும் 1,200 மீற்றரும்.

மூன்றாவது பொத்தானில்தான் பெரிய வாக்குவாதம் நடந்தது. பசரை நிறுத்த ஒரு பொத்தான் வேண்டுமா? "உயிர் விசயம், நிறுத்த விடக்கூடாது" என்று ஒரு பக்கம். "அக்கா, விடாமக் கத்தினா அப்பா ஒரே நாளில வயரைப் பிடுங்கிப்போட்டிடுவார்" என்று மறுபக்கம். முடிவைப் பிள்ளைகளே சொன்னார்கள். பொத்தானை அழுத்தினால் ஐந்து நிமிடம் அமைதி. திரையில் "எல்லை" என்ற சொல் மட்டும் மறையாது. ஐந்து நிமிடம் கழித்தும் படகு அங்கேயே நின்றால் மறுபடி கத்தும். ஒரு கருவியைச் செய்கிறவள் அதைப் பயன்படுத்தப் போகிறவரின் பொறுமையையும் கோபத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்ற பாடத்தை நாங்கள் அவர்களுக்குப் படிப்பிக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள்.

இந்தப் பெட்டி இன்னும் கடலுக்குப் போகவில்லை. உப்புக் காற்றுக்கும் அலைக்கும் நிற்கக்கூடிய உறை அதற்கு இல்லை. ஓர் உயிரை நம்பி ஒப்படைக்கும் கருவியைத் தகுதியுள்ளவர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். அதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறோம். தகப்பன்மார் சிலர் வந்து பார்த்தார்கள். ஒருவர் பெட்டியைக் கையில் வாங்கி, பொத்தான்கள் சிறிதாக இருக்கின்றன, ஈரக் கைக்கும் இருட்டுக்கும் பெரிதாக வேண்டும் என்றார். இப்போது புதிய பொத்தான் தேடுகிறோம்.

நாடுகள் வரைந்த கோட்டை ஒரு பதினாலு வயதுப் பிள்ளை மாற்ற முடியாது. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதைத் தன் அப்பாவுக்குத் தன் மொழியில், தன் கையால் எழுதிய நிரலால் சொல்ல முடியும் என்று அவள் அறிந்துகொண்டாள். கடையில் வாங்கும் கருவி எதையும் இனி அவள் மந்திரப் பெட்டியாகப் பார்க்கமாட்டாள். உள்ளே என்ன என்று கேட்பாள்.

கடைசியாக, தொரன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் மெல்பேணிலும் கொழும்பிலும் இருக்கும் எங்கள் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். பெரிய கட்டடம் கேட்கவில்லை. உங்களில் பொறியியலாளர் இருக்கிறீர்கள், மென்பொருள் எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணித்தியாலம் இந்தப் பிள்ளைகளோடு இணையவழியில் பேசுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பெட்டியின் மூலையில் இரண்டு பலகையும் ஒரு பிடி பொத்தானும் கொண்டுவாருங்கள். விஞ்ஞான அறைக் கதவு சனிக்கிழமை காலை எட்டரைக்குத் திறந்திருக்கும்.