தீபாவளிப் பட்டாசும் கண்ணும்

தீபாவளிப் பட்டாசுகளில் கம்பி மத்தாப்பைத்தான் பலரும் சாதுவானது என்று நம்பிக் குழந்தையின் கையில் கொடுக்கிறார்கள். எரியும்போது அதன் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸை எட்டும். புஸ்வாணம் இன்னும் மோசம். திரி அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்க்கும்போதுதான் முகத்தில் சீறும். தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பவர்களின் கண்ணும் தப்புவதில்லை. பாதுகாப்புக் கண்ணாடி அணிவது நல்லது. கான்டாக்ட் லென்ஸ் கூடாது.

மருந்துத்தூள் விழுந்தால் கண்ணைக் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். ஏதாவது குத்தியிருந்தாலோ, ரத்தம் வந்தாலோ கழுவவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடவே கூடாது. கண்ணை அழுத்தாதபடி ஒரு காகிதக் கப்பால் மூடி, உடனே கண் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் பார்வையே போய்விடக்கூடும்.