நர்ஸ் பையை எங்க வைப்பாங்க?

இன்னைக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ்களைப் பத்திப் பேசலாம். இன்னும் சரியாச் சொன்னா, அவங்க தோள்ல தொங்குற பையைப் பத்தி.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கினாங்க. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வர்றது எல்லாருக்கும் தெரியும். படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கான வலி நிவாரணப் பராமரிப்பு, பிசியோதெரபி, வயிறு வழியா செய்யிற டயாலிசிஸுக்கான பைகள், இதுவும் அதே திட்டம்தான். அதாவது படுக்கைப்புண், சிறுநீர்க் குழாய் மாதிரி கிருமி சுலபமா நுழையிற வேலைகளும் இப்போ வீட்டுக்குள்ள நடக்குது.

மருத்துவமனையில பாதி பாதுகாப்பைக் கட்டடமே பார்த்துக்கும். திறந்தா தண்ணி, கையெட்டுற தூரத்துல கலர் கலரா குப்பைத்தொட்டி. வடகவுஞ்சி மாதிரி மலை ஊர்ல, தோட்டத்துக்குள்ள தனியா நிக்கிற வீட்டுல அதை எதிர்பார்க்க முடியாது. அங்க பைக்குள்ள இருக்கிறதுதான் மருத்துவமனை.

அதனால பையைத் தரையிலயோ கட்டில்லயோ வைக்கக் கூடாது. துடைச்ச மேசையில, செய்தித்தாள் விரிச்சு வைக்கணும். முதல்ல சோப்பும் துண்டும் மட்டும் எடுத்து கை கழுவணும். அப்புறம் தேவையானதை மொத்தமா வெளிய எடுத்துட்டுப் பையை மூடிடணும். புண்ணைத் தொட்ட கை கழுவாம பைக்குள்ள போனா, அந்தக் கிருமி அடுத்த வீட்டுக்கும் போகும். பிரஷர் பட்டை, ஸ்டெதஸ்கோப் ரெண்டையும் துடைச்சுத்தான் உள்ள வைக்கணும்.

சோப்புக்கு 40-60 விநாடி, ஆல்கஹால் சானிடைசருக்கு 20-30 விநாடின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மலைக்குளிர்ல சானிடைசர்தான் வசதி. ஆனா கையில ரத்தமோ அழுக்கோ தெரிஞ்சா சோப்பும் தண்ணியும்தான், வேற வழியில்ல.

சீழ் பிடிச்ச புண் உள்ளவரைக் கடைசியாப் பார்க்கணும்னு நர்ஸிங் பாடம் சொல்லும். மலையில வரிசையைத் தீர்மானிக்கிறது பஸ் நேரம். அந்த வீடே முதல் வீடா வந்தா? கட்டுப் போடுற சாமானை அந்த வீட்டுலயே ஒரு டப்பாவுல விட்டுட்டு வரலாம். எனக்குப் பிடிச்ச தீர்வு இது. ரெண்டு வீட்டுக்கு நடுவுல பொதுவா சுத்துற பொருளே குறைஞ்சிடுது.

இருமல் நோயாளி வீட்டுல இன்னொரு சிக்கல். குளிருக்கு ஜன்னலைச் சாத்தி வச்சிருப்பாங்க. காசநோயா இருந்தா அதுதான் ஆபத்து. நர்ஸ் இருக்கிற நேரமாவது ஜன்னல் திறந்திருக்கணும், அவங்களுக்கு என்95 மாஸ்க்கும் வேணும்.

கடைசியா குப்பை. வீட்டுல உண்டாகிற மருத்துவக் கழிவைத் தனியாப் பிரிச்சு, குப்பை வாங்க வர்றவர்கிட்ட கொடுக்கணும்னு 2016 விதிகள் சொல்லுது. குப்பை வண்டி ஏறாத குடியிருப்புல யாருகிட்ட கொடுக்கிறது? ஊசியைத் துளைக்க முடியாத டப்பாவுல போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நர்ஸே திருப்பிக் கொண்டுபோறதுதான் சரியா வரும். அந்த டப்பாவை, பையோட எடையை, அதுக்கு ஆகிற நேரத்தை எல்லாம் வேலைக் கணக்குல சேர்க்கணும்னு நான் நினைக்கிறேன். ஊசி மூடியைத் திரும்ப மாட்டும்போதுதான் விரல்ல குத்தும். குத்திட்டா எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், முதல் 2 மணி நேரத்துல ஆரம்பிச்சா ரொம்ப நல்லது. மலையிலிருந்து இறங்குற பஸ்ஸை நினைச்சுப் பாருங்க.

உங்க வீட்டுக்கு நர்ஸ் வர்ற நாள்ல ஒரு மேசையைத் துடைச்சு வைங்க. சோப்பு, கொஞ்சம் வெந்நீர், துவைச்ச துண்டு ஒண்ணு எடுத்து வைங்க. காப்பி அப்புறம் கொடுக்கலாம்.