முலாம் பூசிய நட்பு



கலை வேறு, அரசியல் வேறு என்று நண்பர் ஒருவர் சற்று முன் குறிப்பிட்டார். பண்டைய அரசர்கள் அப்படி நினைக்கவில்லை. ஏறத்தாழ 3,350 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வழக்கை உங்கள் முன் வைக்கிறேன்.

1887ஆம் ஆண்டில் எகிப்தின் அமர்னா என்னும் இடத்தில் களிமண் பலகைகள் கிடைத்தன. இன்று நம்மிடம் இருப்பவை 380க்கும் மேல். அவற்றுள் பெரும்பாலானவை எகிப்திய மன்னருடன் பிற நாட்டு அரசர்களும் எகிப்துக்கு அடங்கிய சிற்றரசர்களும் நடத்திய கடிதப் போக்குவரத்து. எகிப்துக்கு எழுதும்போதும் அவர்கள் பெரும்பாலும் மெசப்பொட்டேமியாவின் அக்காடிய மொழியையே பயன்படுத்தினர். இன்று ஆங்கிலம் போல் அன்று அக்காடியம்.

அக்கடிதங்களில் ஒருவர் மனம் நொந்து பேசுகிறார். இன்றைய சிரியாவின் வடபகுதியை ஆண்ட மித்தானி மன்னர் துஷ்ரத்தா. தம் மகள் தாதுகீபாவை எகிப்திய மன்னர் மூன்றாம் அமென்ஹோதப்புக்கு மணமுடித்துக் கொடுத்தவர். குதிரை, தேர், அணிகலன் என்று அவர் அனுப்பிய சீர்வரிசைப் பட்டியல் பலகை முழுதும் நிறைந்திருக்கிறது. பதிலுக்கு அவர் கேட்டவை பொற்சிலைகள். கெட்டித் தங்கத்தில் தருவதாக மருமகன் வாக்களித்தார். சிலை வார்ப்பதை மித்தானித் தூதர்கள் கண்ணாரக் கண்டார்கள்.

அமென்ஹோதப் இறந்தார். மகன் அக்கெனாத்தன் அரியணை ஏறினார். வந்து சேர்ந்தவையோ தங்க முலாம் பூசிய மரச் சிலைகள்! உங்கள் நாட்டில் தங்கம் மண்ணைப் போல் கிடக்கிறதே, இதற்கா மனம் வரவில்லை என்று துஷ்ரத்தா கேட்கிறார். புதிய மன்னருக்கு மட்டுமா? அவருடைய தாயார் தியே அரசிக்கும் முறையிடுகிறார்.

அவர் அழுதது பொன்னுக்காக மட்டுமல்ல. ஓர் அரசர் அனுப்பும் சிலை, பெறுபவரை அவர் எவ்வளவு மதிக்கிறார் என்பதன் அளவுகோல். வெளியே பொன், உள்ளே மரம் என்றால் நட்பும் அப்படித்தான் என்று அவர் எண்ணியிருப்பார்.

அரசர்கள் இப்படிப் பிணங்கிய காலத்தை ஒட்டியே இன்னொரு பரிமாற்றமும் நடந்தது. துருக்கிக் கடலோரம் உலுபுருன் என்னுமிடத்தில் மூழ்கிய கப்பல் ஒன்று 1982இல் கண்டுபிடிக்கப்பட்டது. சைப்ரஸ் செம்பு சுமார் 10 டன், நீலக் கண்ணாடிக் கட்டிகள், ஆப்பிரிக்கக் கருமரம், பால்டிக் கடற்கரை அம்பர் எல்லாம் அதில் இருந்தன. அக்கெனாத்தனின் பட்டத்தரசி நெஃபர்டீட்டியின் பெயர் பொறித்த சிறு பொன் முத்திரையும் கிடைத்தது. கைவினைஞருக்கு வேண்டிய பொருள்கள் நாடு விட்டு நாடு போய்க்கொண்டேயிருந்தன.

துஷ்ரத்தா பின்னர் தம் மகன் ஒருவனாலேயே கொல்லப்பட்டார். மித்தானியும் ஹிட்டைட்டுகளிடம் வீழ்ந்தது. அவருடைய மனக்குறை மட்டும் களிமண்ணில் நிலைத்துவிட்டது.

இன்றும் அரசுகள் நடனக் குழுக்களையும் ஓவியங்களையும் பரிமாறிக்கொள்கின்றன. கைதட்டி வரவேற்போம். அதே வேளையில், அந்தப் பரிசின் பின்னால் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படுகிறதா என்பதையும் பார்ப்போம். கலை நட்பை அழகாகக் காட்டும். இல்லாத நட்பை அதனால் உண்டாக்க முடியாது.