ஒரு பருவத்துக்கு ஒரு பாடம்

மான்ஃபிரெட் ஸ்டைனர்னு ஒரு டாக்டர். வியன்னாக்காரர். சின்ன வயசுலேயே அவருக்கு இயற்பியல் மேலதான் ஆசை. ஆனா அது உலகப்போர் முடிஞ்ச நேரம். மருத்துவம் படிச்சா பிழைச்சுக்கலாம்னு வீட்டுல சொன்னாங்க. படிச்சார். அமெரிக்காவுக்குப் போனார். ரத்த நோய் நிபுணரானார். பிரவுன் பல்கலைக்கழகத்துல மருத்துவப் பேராசிரியராவும் இருந்தார்.

ஓய்வு பெற்றார். வயசு எழுபதைத் தொட்டாச்சு. பழைய ஆசை மட்டும் விடலை. அதே பிரவுன் பல்கலைக்கழகத்துல, பேரன் வயசுப் பிள்ளைங்களோட இயற்பியல் வகுப்புல போய் உட்கார்ந்தார். பாடம் நடத்தினவர், இப்போ வீட்டுப்பாடம் எழுதுறார்!

எப்படிப் படிச்சார் தெரியுமா? ஒரு பருவத்துக்கு ஒரு பாடம். மிஞ்சினா ரெண்டு. அவ்வளவுதான். அவசரமே படலை. ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு. இப்படியே சேர்த்துச் சேர்த்து, 2007-ல முனைவர் பட்டப் படிப்புக்கே தகுதி வந்துடுச்சு. நடுவுல உடம்புக்கு முடியாமப் போனதும் உண்டு. 2021-ல, 89 வயசுல, ஆய்வை முடிச்சார்.

என்ன ஆய்வு? உலோகத்துக்குள்ள எலக்ட்ரான்கள் எப்படி நடந்துக்குதுன்னு. பஸ்ல ஒரு சீட்டுக்கு ஒருத்தர்தானே? எலக்ட்ரானும் அப்படித்தான், ஒரு நிலையில ஒண்ணுதான் இருக்கும். ஒளித்துகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரே சீட்டுல எத்தனை பேர் வேணும்னாலும் உட்காரலாம். சில உலோகங்கள்ல எலக்ட்ரான் கூட்டத்தையும் அந்த ரெண்டாவது ரகம் மாதிரி வச்சுக் கணக்குப் போடலாமான்னு பார்த்தார் டாக்டர். இப்போ இயற்பியல்லயும் டாக்டர்.