ஊருக்கொரு சின்னம்



நம் மாநில அரசின் முத்திரையில் கோபுரம் விளங்குவதை நாம் அனைவரும் அறிவோம். மாநிலத்துக்குச் சின்னம் இருப்பது போலச் சிற்றூருக்கும் ஒன்று இருத்தல் கூடுமா? கூடும் என்று காட்டிய நாடுகளுள் ஒன்று பின்லாந்து. அதன் வரலாற்றை இன்று சிறிது காண்போம்.

ஐரோப்பாவில் கேடயச் சின்னங்கள் 12ஆம் நூற்றாண்டில் தோன்றின. போர்வீரன் கேடயத்தில் தீட்டிய உருவம் அவன் இன்னான் என்பதைக் காட்டிற்று. நாளடைவில் அவ்வழக்கம் பிரபுக்களுக்கும் நகரங்களுக்கும் உரிய பெருமையாயிற்று. உழவரும் மீனவரும் வாழ்ந்த பின்லாந்துச் சிற்றூர்களுக்கு அது நெடுங்காலம் எட்டாதிருந்தது.

1949ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் இந்நிலையை மாற்றிற்று. ஊராட்சி மன்றம் சின்னத்தை ஏற்கும். அக்காலத்தில் உள்நாட்டு அமைச்சகம் அதனை உறுதி செய்தது. குஸ்தாவ் வான் நூமர்ஸ் முதலிய ஓவியர்கள் ஊர்களுக்காகச் சின்னங்களை வரைந்தனர். சிங்கமும் மகுடமும் தேடி அவர்கள் அலையவில்லை. ஊரின் தொழிலையே நாடினர்.

வடகோடியிலுள்ள இனாரி மக்கள் ஏரி மீனாலும், ரெயின்டீர் என்னும் பனிநாட்டு மானாலும் வாழ்ந்தவர்கள். அவர்கள் கேடயத்தில் மான்கொம்பு முளைத்த மீன் ஒன்று விளங்குகிறது! இமாத்ரா என்னும் ஊரின் அருவியில் 1929இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அவ்வூரின் சின்னம் மூன்று மின்னற்கீற்றுகள்.

இக்கலையின் விதிகள் எளியவை. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு முதலியன வண்ணங்கள். வண்ணத்தின்மேல் உலோகம், உலோகத்தின்மேல் வண்ணம் என அமைத்தால் தொலைவிலும் தெளிவாகத் தெரியும். உருவங்கள் சிலவாகவே இருத்தல் வேண்டும். கேடயத்தில் எழுத்து வேண்டுவதில்லை. ஆதலால் எழுதப் படிக்க அறியாதவரும் தம் ஊரை இனங்காண்பர்.

சின்னம் வெறும் அலங்காரமன்று என்பது ஊர்கள் இணைந்தபோது புலப்பட்டது. 2009இல் பின்லாந்தின் ஊராட்சிகள் 415இலிருந்து 348ஆகக் குறைந்தன. இணைந்த ஊர்கள் எவர் சின்னத்தை வைத்துக்கொள்வது, எதனை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. ஒரு கேடயம் நீங்கும்போது ஒரு தனியூரின் பெயரும் ஆட்சி ஏடுகளினின்று நீங்குகிறது அல்லவா?

அன்பர்களே, சின்னம் சாலை போடாது, கிணறு தோண்டாது. இதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், சின்னம் தேர்ந்தெடுக்க அமரும் மன்றம், ‘நம் ஊர் எதனால் வாழ்கிறது?’ என்னும் வினாவுக்கு விடை கூறியே ஆகவேண்டும். அவ்விடையே பெரும்பயன். ஏரியால் வாழும் ஊர் அதனைத் தன் சின்னமாகக் கொண்டபின், அவ்வேரி தூர்ந்து போவதைக் கண்டும் வாளாவிருத்தல் தகுமோ? கேடயத்தில் தீட்டியதை நிலத்திலும் காப்பதே ஊராட்சியின் கடமையென்று நாம் கருதுகிறோம்.