ஈசாக்கு தூர் எடுத்த கிணறுகள்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் வாணவேடிக்கையும் நம் நினைவுக்கு வருகின்றன. இவை வேண்டியவைதாம். ஆனால் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் கடவுள் யூபிலியைப் பற்றிச் சொன்னது வேறு. அந்த ஆண்டில் நிலம் ஓய்வு பெற வேண்டும்; கைவிட்டுப்போன நிலம் உரியவர்களிடம் திரும்ப வேண்டும். சுருங்கச் சொன்னால், இழந்ததை மீட்கும் ஆண்டே யூபிலி. நம் ஊர் இழந்துவிட்ட ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். குடிதண்ணீரை ஊரே கூடிக் காக்கும் பழக்கமே அது.

நம் கந்தர்வக்கோட்டையிலிருந்து சாலை வழியே வடக்கே தஞ்சாவூர்ப் பக்கம் போனால் காவிரி பாயும் வயல்கள். நம் பூமியோ செம்மண் மேடு. முந்திரியும் நிலக்கடலையும் விளையும் வானம் பார்த்த பூமி. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாயில் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகும் நம் மேட்டுக்கு மழையே கதி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைப் பிடித்து வைத்து ஆண்டு முழுவதும் பிழைக்க வேண்டும். அதனால்தான் நம் முன்னோர் புதுக்கோட்டைச் சீமை முழுவதும் ஆயிரக்கணக்கில் குளங்களும் கண்மாய்களும் வெட்டினார்கள்; குடிப்பதற்கென்று ஊருணியைத் தனியே ஒதுக்கினார்கள்.

ஊருணிக்கு என்று கட்டுப்பாடு இருந்தது. அதில் துணி துவைக்கக் கூடாது, மாடு குளிப்பாட்டக் கூடாது, வரத்துக்காலில் அசுத்தம் செய்யக் கூடாது. கோடையில் தூர் எடுக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். இதைத்தான் குடிமராமத்து என்றார்கள். எழுதி ஒட்டிய சட்டம் எதுவும் இல்லை. ஊரார் பார்க்கிறார்கள் என்ற கூச்சமே சட்டம்.

ஆனால் பழையதெல்லாம் பொன் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஊருணிப் படியில் எல்லாரும் இறங்க முடிந்ததா? இல்லை. கரையில் குடத்தை வைத்துவிட்டு, யாராவது ஊற்ற மாட்டார்களா என்று காத்து நின்றவர்கள் உண்டு. யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் தண்ணீர் கேட்டபோது அவள் வியந்தாளே, ஏன்? யூதர் சமாரியரோடு பழகுவதில்லை என்பதால்தான். தாகத்தோடு அமர்ந்த ஆண்டவர், அந்தத் தடையை ஒரு வாய்த் தண்ணீர் கேட்டே உடைத்தார். நம் மாவட்டத்திலேயே வேங்கைவயலில், 2022 டிசம்பரில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்ததை நாடே கேட்டு வெட்கப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்டபின் நாம் நற்கருணை வாங்க வரிசையில் நின்றோம். நம் நெஞ்சில் அந்த மாசு துளியும் இல்லையா என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்வது நல்லது.

பின்னர் அடிபம்பு வந்தது. அடுத்து ஆழ்குழாய்க் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் தெருக்குழாயும் வந்தன. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் வீட்டுக்கு வீடு குழாய் என்றார்கள். நம் தாய்மாரின் இடுப்பிலிருந்து குடம் இறங்கியது. அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம். ஆனால் குழாய் வீட்டுக்குள் வந்ததும் ஊருணியை மறந்தோம். வரத்துக்கால் தூர்ந்தது. தைலமரக் காடுகளில் போடும் வரப்புகள் மழைநீரைக் குளத்துக்கு வரவிடாமல் தடுக்கின்றன என்று நம் விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். குளம் நிறையாமல் நிலத்தடி நீர் எப்படி ஊறும்? ஆழ்குழாய் புதிதாகத் தண்ணீரை உண்டாக்குவதில்லை. மேலே தேங்கி உள்ளே இறங்கியதைத்தான் அது எடுத்துக் கொடுக்கிறது.

இதை நமக்கு அறைந்து சொன்னது கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த அந்தக் காற்றில் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாய் விழுந்தன. மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தொட்டி நிரம்பவில்லை. நிலத்துக்கடியில் தண்ணீர் இருந்தும் நாம் தவித்தோம். ஜெனரேட்டர் வாடகைக்கு வந்து தொட்டி நிரம்பும்வரை, கைப்பிடி அசைந்த அடிபம்புகளும் மூடாமல் விட்டிருந்த கிணறுகளுமே கைகொடுத்தன. மற்றக் கிணறுகளைக் குப்பை போட்டு மூடியவர்கள் யார்? நாம்தான்.

தொடக்க நூல் 26ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். ஆபிரகாம் காலத்துக் கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டு மூடியிருந்தார்கள். மகன் ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டினார். தந்தை இட்ட பெயர்களையே அவற்றுக்கு இட்டார். பிறகு அவருடைய ஆட்கள் புதிதாகத் தோண்டிய ஊற்றுக்குச் சண்டை வந்தது. அடுத்த கிணற்றுக்கும் சண்டை. ஈசாக்கு சளைக்காமல் மூன்றாவதைத் தோண்டினார். அதற்குச் சண்டை வரவில்லை. பெலிஸ்தியர் மூடியதையே ஈசாக்கு திறந்தார் என்றால், நாமே மூடியதை நாம் திறக்க முடியாதா? கஜாவுக்குப் பின் 2019இல் பக்கத்துப் பேராவூரணியில் இளைஞர்கள் கைஃபா என்ற சங்கமாய்க் கூடிப் பெரியகுளத்தைத் தூர்வாரிக் காட்டினார்களே!

ஆகவே இந்த யூபிலியின் நினைவாக நான்கு காரியங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதை நம் பங்குக் குடும்பங்கள் இன்றோடு நிறுத்த வேண்டும். நாம் உறிஞ்சும்போது மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. அது அயலார் பங்கைத் திருடுவதாகும்.

இரண்டாவது, தண்ணீர் வேகமாக விழட்டும் என்று குழாயைத் தாழ்த்திப் பள்ளம் தோண்டியிருப்பவர்கள் அதை மூடி, குழாயை உயர்த்த வேண்டும். தண்ணீர் விடுவது நின்றதும் குழாய் பின்னோக்கி இழுக்கும். பள்ளத்து அழுக்கு உள்ளே போகும். பிறகு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஓடுகிறோம்.

மூன்றாவது, கூரைத் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 800 மில்லி மீட்டர் மழை விழுந்தால் 80,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 64,000 லிட்டர் மிஞ்சும். நாளுக்கு 55 லிட்டர் என்றால் மூன்று பேருக்கு ஓராண்டுக்கு ஆகும். மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கியது. அன்று வைத்த குழாய்களில் எத்தனை இன்று அடைபடாமல் இருக்கின்றன? ஆலயக் கூரையிலிருந்தே சரிபார்க்கத் தொடங்குவோம்.

நான்காவது, கிராம சபை. 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22ஆம் தேதியும் கிராம சபை கூடும் நாளாயிற்று. சுற்றுக் கிராமங்களிலுள்ள நம் மக்கள் தவறாமல் போய் உட்கார வேண்டும். தொட்டி கழுவப்பட்டதா, குளோரின் போட்டார்களா, வரத்துக்கால் ஆக்கிரமிப்பு எடுக்கப்பட்டதா என்று பணிவோடு, ஆனால் விடாமல் கேட்க வேண்டும்.

பாதுகாப்பான குடிநீர் பெறுவது மனிதரின் அடிப்படை உரிமை என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ‘லவுதாத்தோ சி’ மடலில் எழுதினார். உரிமை என்றால் நமக்கு மட்டுமல்ல. அடுத்த தெருவுக்கும், அடுத்த மதத்தவருக்கும், இனிப் பிறக்கும் பிள்ளைக்கும் உரியது.

நம் திருமுழுக்குக்கு எடுத்த நீரும் இந்த மண்ணில் ஊறிய நீர்தான். கோடை வந்ததும், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு ஊருணிக் கரைக்கு வாருங்கள். யார் எந்தத் தெரு என்று கேளாமல் ஒரே வரிசையில் நின்று மண் சுமப்போம். அதுவே நாம் இறைவனுக்குச் செலுத்தும் யூபிலி காணிக்கையாகட்டும்.

ஆமென்.